மலையிறங்கும் நீர் – 9: முக்கூர்த்தியில் மூடிய மதகு

உதகமண்டலத்தின் சதுப்புப் பள்ளத்தைக் கரை போட்டு மறித்து 1823 முதல் 1825 வரை ஏரி அமைத்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், கோடையில் அந்த நீர் மாயாற்றின் வழியே சமவெளிப் பாசனத்துக்கு இறங்கிவரும் என்று எண்ணியிருந்ததையும், அந்த எண்ணம் ஈடேறாமல் ஏரி படகு விடும் இடமாகச் சுருங்கியதையும், அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுப் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலுமாக மாறியதையும் சென்ற பகுதி விவரித்தது.

மலையில் தேக்கிச் சமவெளிக்கு அனுப்புதல் என்ற அந்தக் கனவு ஒரு நூற்றாண்டு உறங்கிக் கிடந்து, சல்லிவன் கற்பனை செய்திருக்கவே முடியாத வேறொரு வடிவில் எழுந்து வந்தது. இம்முறை சமவெளி கேட்டது நீர் விழும் வேகத்தை.

அந்த வேகத்துக்காகக் கட்டப்பட்ட அணைகளுள் ஒன்று, இன்று தேசியப் பூங்கா ஒன்றின் நடுவே மனிதர் கட்டிய ஏரியாகக் கிடக்கிறது. அதன் மதகு முதன்முறை மூடிய கதையே இந்தப் பகுதி. ஆனால் அதற்கு முன், மதகு மூடப்பட்ட நிலம் எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் கட்டியவர்கள் நின்று பார்க்கவில்லை.

* * *

பனியாறு ஓடாத பனியூழி

உதகைக்கு மேற்கே, நீலகிரிப் பீடபூமி சட்டென்று முறிந்து நிலம்பூர்க் காடுகளின் மேல் செங்குத்தாக இறங்கும் விளிம்பில், 2,554 மீட்டர் உயரத்தில் நிற்பது முக்கூர்த்திச் சிகரம். மூக்கறுபட்ட சூர்ப்பனகையின் கதையோடு இப்பெயரை இணைத்துச் சொல்வாருண்டு. தோடர்களின் நம்பிக்கையிலோ இது இறந்தோர் உலகத்துக்குப் போகும் வழியில் உள்ள மலை. இறந்தவரின் உயிரும் அவருக்காகப் பலியிடப்பட்ட எருமையின் உயிரும் இந்த உச்சியிலிருந்துதான் மறுவுலகுக்குத் தாவுகின்றன என்று கொள்வர்.

தென்மேற்குப் பருவக்காற்று கடலைவிட்டு உள்ளேறி முட்டும் சுவர்களுள் இந்த விளிம்பு ஒன்றாகையால், ஜூன் தொடங்கி மூன்று நான்கு மாதம் இங்கே மழையும் மூடுபனியும் விடுவதில்லை. அதே நிலத்தில் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழுந்து புல் கருகும். குன்றுகளின் மேனி முழுதும் புல்வெளி. குன்றுகளின் மடிப்புகளில் மட்டும், காற்றும் பனியும் எட்டாத இடங்களில், குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைக்காடு. இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நீர் வடியாமல் நிற்கும் சதுப்பு. இம்மூன்றும் ஒன்றையொன்று அடுத்துக் கிடப்பதே இந்நிலத்தின் இலக்கணம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி அதன் உச்சத்தில் இருந்தபோது, வட அமெரிக்காவின் பெரும்பகுதியும் வட ஐரோப்பாவும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளத்தின் அடியில் கிடந்தன. கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே போயிருந்தது. பனியாறு, அதாவது தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து பாறையைச் செதுக்கிச் செல்லும் பனித்திரள், அமெரிக்காவின் விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் விட்டுச்சென்ற மேடுபள்ளங்கள் இன்று அங்கே பூங்காக்களாகக் காக்கப்படுகின்றன. நீலகிரியில் பனியாறு ஓடியதில்லை. எனினும் பனியூழி இந்த மலையைத் தொடாமல் போகவில்லை. பாறையில் எழுதாததைச் சேற்றில் எழுதிச் சென்றது.

குளிர்ந்த சதுப்பில் நீர் நிறைந்து காற்றுப் புகாமல் இருப்பதால், அங்கே மடியும் புல்லும் இலையும் முழுவதும் மக்குவதில்லை. அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்து கருஞ்சேறாக இறுகுகின்றன. முற்றா நிலக்கரி என்று இதற்குப் பெயர். பைக்காராவுக்குப் போகும் வழியிலுள்ள சாண்டிநல்லாவின் சதுப்புகளில் துளையிட்டு இத்தகைய சேற்றை எடுத்து ஆராய்ந்த ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள், 1993இல் நேச்சர் இதழில் தம் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறை எளிய ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. சோலை மரங்களும் வெப்பநாட்டு வறள்புல்லும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் வழிகள் வேறுவேறு. அதனால் கார்பன்-13 என்னும் சற்றே கனமான கரியணு இவற்றின் உடலில் வேறுவேறு அளவில் தங்குகிறது. செடி மடிந்து சேறாகி ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அந்த அளவு மாறுவதில்லை. ஆகவே சேற்றின் ஒவ்வோர் அடுக்கும், தான் படிந்த காலத்தில் சுற்றிலும் நின்றது மரமா புல்லா என்பதைச் சொல்லிவிடும்.

சாண்டிநல்லாவின் சேறு சொன்ன செய்தி இது: பனியூழியின் உச்சத்தில் பருவமழை மெலிந்து, வறள்புல் பரவியிருந்தது, பனியூழி விலகியபோது மழை வலுத்து மரவகை ஓங்கியது, பின்னரும் வறட்சியும் ஈரமும் மாறி மாறி வந்தன. இதன் உட்பொருள் சிறியதன்று. நீலகிரிப் புல்வெளி, மனிதர் காட்டை எரித்ததால் உண்டான தரிசு என்று காலங்காலமாகப் பலர் நம்பிவந்தனர். வேளாண்மை தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் புல் அங்கே நின்றது என்பதைச் சேறு காட்டிக்கொடுத்தது.

பனியூழியின் சுவடு என்று சொல்லப்பட்ட மற்றொன்றும் உண்டு. இமயத்துக்கு உரிய காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான் மரம், இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பநிலம் கிடக்க நீலகிரியில் எப்படிச் செம்பூ பூக்கிறது? குளிர் தெற்கே பரவிய காலத்தில் இமயத்து உயிர்கள் சமவெளி வழியே இறங்கிவந்து, வெப்பம் மீண்டபோது மலையுச்சிகளில் ஒதுங்கின என்று விடை கூறியவர் நிலவியலாளர் டபிள்யூ. டி. பிளான்ஃபோர்டு. ஒடிசாவின் தால்ச்சேரில், இதனினும் பன்மடங்கு பழைய வேறொரு பனியூழி உருட்டிவந்த பாறைகளை 1856இல் இனங்கண்ட குழுவில் இவரும் இவருடைய தம்பி ஹென்றியும் இருந்தனர். அந்தத் தம்பியே பின்னர் நீலகிரியின் நில அமைப்பைப் பற்றி எழுதியவர்.

பிளான்ஃபோர்டின் விடை எல்லா உயிர்களுக்கும் பொருந்தவில்லை. இமயத்து ஆட்டின் உடன்பிறப்பு என்று கருதப்பட்ட நீலகிரி வரையாடு, மரபணு ஆய்வில் செம்மறியாட்டு இனத்துக்கே நெருங்கியதாகத் தெரியவர, 2005இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. வரை என்றால் செங்குத்து மலை; வரையில் வாழும் ஆடு வரையாடு. பெயரைப் பொறுத்தவரை அறிவியலை முந்திக்கொண்டது தமிழ்தான்.

* * *

நிலக்கரி எட்டாத ஊர்

இப்போது மலையடிவாரம்.

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, மலைகளின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டில் ஆற்றுப்பாசனம் பவானி, காவிரி, அமராவதிக் கரைகளோடு நின்றுவிட, மற்ற நிலமெல்லாம் கிணற்றை நம்பியது. பாறையை உடைத்து ஆழ இறங்கிய கிணறுகளிலிருந்து, எருதுகளைச் சரிவில் இறக்கித் தோல்சாலில் நீர் இழுக்கும் கவலை ஏற்றம் விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை நடக்கும். அந்தக் கிணற்று நீரில்தான் கம்போடியா என்னும் நீள்இழைப் பருத்தி விளைந்தது. அந்தப் பருத்தியை நூற்கக் கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையும், 1910இல் லட்சுமி ஆலையும், பிறகு வேறு சிலவும் தோன்றின.

ஆலை ஓட்ட நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ வங்காளத்துச் சுரங்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வர வேண்டியிருந்தது. பருத்தி வாசலில் கிடந்தும், கரியின் வண்டிக்கூலி கோயம்புத்தூர் ஆலைகளின் கழுத்தைப் பிடித்திருந்தது.

வழி எங்கே இருக்கிறது என்பது காவிரிக்கரை மக்களுக்குப் புதிதல்ல. மேலே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைப் பிடித்து மைசூர் அரசு 1902இலேயே மின்சாரம் எடுத்து, கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. நீலகிரியிலேயே அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவி மின்சாரம் கொடுத்தது. சென்னை மாகாண அரசுதான் கைகட்டி நின்றது.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராயிருந்த சி. பி. ராமசாமி ஐயர். மேட்டூர் அணைக்கும் பைக்காரா மின்திட்டத்துக்கும் ஒரே காலத்தில் அவர் வாதாடினார். 1925இல் மேட்டூரில் வேலை தொடங்கியது, 1929இல் பைக்காராவில்.

* * *

மூவாயிரம் அடி

முக்கூர்த்தியின் சரிவுகளில் பிறந்து வடக்கே ஓடும் பைக்காரா ஆறு, பீடபூமியின் வட விளிம்புவரை சாதுவாக வந்து, அதன்பின் அருவிகளாகவும் பாறைச் சரிவுகளாகவும் இறங்கி, தெப்பக்காட்டுப் பக்கம் மாயாறு என்னும் பெயர் பெறுகிறது. தோடர்களுக்குப் புனிதமான ஆறு இது. கடக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் அவர்களுக்கு உண்டு.

பொறியாளர்கள் இந்த ஆற்றில் கண்டது உயரம். பீடபூமியின் விளிம்பில் கிளென்மார்கனில் நீரைச் சேர்த்து, அங்கிருந்து எஃகுக் குழாய்களில் சிங்காரா அடிவாரத்துக்கு விட்டால், நீர் மூவாயிரம் அடிக்கு மேல் ஒரே இறக்கமாக இறங்கும். உலகின் பெரிய மின்நிலையங்களிலும் அக்காலத்தில் அரிதான உயரம் இது. குழாயின் கீழ்முனையில் ஊசிபோல் பாயும் நீர், விளிம்பு முழுவதும் கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தை அறைந்து சுழற்றும். கிளென்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் இடையே ஆளையும் பொருளையும் இழுத்துச்செல்லும் கம்பிவட வண்டியை அப்பகுதியினர் விஞ்ச் என்பர்; அதன் தண்டவாளத்தின் சாய்வைப் பார்த்தாலே நீரின் வேகம் விளங்கிவிடும்.

நீர்மின்சாரத்தின் கணக்கு இரண்டே எண்களின் பெருக்கல்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரம். மேட்டூர் அணையடியில் நீர் விழும் உயரம் நிறைந்த காலத்திலும் ஏறத்தாழ நூற்றைம்பது அடிதான். பைக்காராவில் அதைப்போல் இருபது மடங்கு. இதனால் ஆயிரம் லிட்டர் நீர் சிங்காராவில் ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் தரும்; அதே நீர் மேட்டூரில் ஒரு யூனிட்டின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. சிறிய ஆறு ஒன்று பேராற்றின் வேலையைச் செய்தது இப்படித்தான்.

1932இல் சிங்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்பி கோயம்புத்தூருக்கு வந்தது.

வந்த நேரமும் விசித்திரமானது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் பருத்தி விலை படுத்துவிட, நிலத்தில் போட்ட முதல் திரும்பாது என்று கண்ட கொங்கு வேளாண் குடும்பங்களும் வணிகர்களும் தம் பணத்தை வேறிடம் தேடிக்கொண்டிருந்தனர். மலிந்த பஞ்சு, வேலை தேடிய ஆட்கள், கரியை எதிர்பார்க்காத கரண்டு ஆகிய மூன்றும் ஒரே வேளையில் கூடியதால், மற்ற நாடுகள் தொழிற்சாலைகளை மூடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கோயம்புத்தூர் புதிய பஞ்சாலைகளைத் திறந்துகொண்டிருந்தது. ஆலைச்சங்கு ஊரின் கடிகாரமாயிற்று. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்தனர். கவலை எருதின் வேலை முடியப்போகிறது என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூரை உண்டாக்கியது என்று சொல்வது மிகை. ஊரிடம் பருத்தியும் பணமும் துணிவும் முன்னமே இருந்தன. இல்லாதிருந்தது விசை ஒன்றே.

* * *

மார்ச் மாதத்து ஆறு

வெற்றிதான் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது.

ஆலை ஜூலையிலும் ஓடும், மார்ச்சிலும் ஓடும். ஆறு அப்படி ஓடாது. பருவமழையில் கரைபுரளும் பைக்காரா, வடகிழக்கு மழையும் ஓய்ந்த பின் நாளுக்கு நாள் மெலிந்து, கோடை முற்றும்போது சதுப்புகளும் சோலைகளும் கசியவிடும் நீரை மட்டுமே நம்பி நிற்கும். ஆலைகள் சில இருந்தவரை அந்தக் கசிவு போதுமானதாயிருந்தது. ஆலைகள் பெருகி, கம்பிகளும் நீண்டபோது, ஆண்டின் மிகக் குறைந்த நீர் எதுவோ அதுவே மின்நிலையத்தின் உண்மையான அளவு என்பது வெளிப்பட்டது. ஆடியில் வெள்ளம் வீணாகப் போவதும் பங்குனியில் சக்கரம் நீருக்கு ஏங்குவதும் கணக்கரின் கண்ணுக்கே தெரிந்துவிடக்கூடிய முரண்.

தேக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எங்கே தேக்குவது என்பதில்தான் நிலம் தன் விதியை வைத்தது. விழும் உயரத்தை இழக்காமல் நீரைச் சேமிக்க வேண்டுமானால், கிளென்மார்கனுக்கு நீர் எடுக்கும் இடத்துக்கு மேலேதான், ஆற்றின் பிறப்பிடத்தை நோக்கித்தான் போக வேண்டும். அகன்ற பள்ளம் வேண்டும்; அதன் வாய் குறுகியிருக்க வேண்டும்; மழை மிகுதியாகப் பெய்ய வேண்டும். இம்மூன்றும் பொருந்திய இடம் முக்கூர்த்திச் சிகரத்தின் காலடியில் கிடந்தது.

அங்கே 1938இல் அணை நிறைவேறியது. இரட்டையாட்சிக் காலத்தில் வகுக்கப்பட்ட பைக்காராத் திட்டத்தின் கோடைக்காலக் கஜானா, ராஜாஜி மாகாணத்தின் பிரதமராயிருந்தபோது கைக்கு வந்தது.

அதன் கொள்ளளவு ஏறத்தாழ 180 கோடி கன அடி, அதாவது 1.8 டி.எம்.சி. 93 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூரின் பக்கத்தில் வைத்தால் இது ஒரு குட்டை. ஆனால் குட்டையின் மதிப்பை உயரத்தால் பெருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், ஒருமுறை நிறைந்த முக்கூர்த்தி, சிங்காராவில் ஏறத்தாழ பத்துக் கோடி யூனிட்டாக மாறக்கூடியது என்பது விளங்கும். மதகு மூடிய அந்தப் பருவத்தோடு, பைக்காராவின் கோடை, வானத்தின் கையிலிருந்து மின்துறையின் கைக்கு மாறியது.

இந்தத் தொடரின் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். சல்லிவனின் ஏரி ஓர் அதிகாரியின் ஆவல்; அது கைவிடப்பட்டபோது யாரும் பட்டினி கிடக்கவில்லை. முக்கூர்த்தியின் பின்னாலோ ஆலைகள் நின்றன, கூலிக்குப் போன குடும்பங்கள் நின்றன. அதன் பிறகு நீலகிரியின் எந்தப் பள்ளத்தாக்கையும் அணைகட்டும் கண்ணோடு பார்க்காமல் இருக்க அரசால் இயலவில்லை. சுதந்திரத்துக்குப் பின் குந்தா மின்திட்டம் எழுந்தபோது அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று மேற்கு நீலகிரியின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக ஏரிகளாயின.

* * *

தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

முக்கூர்த்தியில் நீருக்குள் போனது யாருடைய கணக்கிலும் இழப்பாக எழுதப்படவில்லை. மரமில்லாத நிலம் பயனில்லாத நிலம் என்பது அக்கால அரசின் பொதுக்கருத்து; புல்வெளியைத் தரிசு என்றும் சதுப்பை வீண்நிலம் என்றும் கொண்டவர்களுக்கு, அங்கே ஏரி வந்தது நிலம் திருந்தியதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் அணைக்கு முன்னும் அங்கே ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. ஆடியில் பெய்த மழையைப் புல்லின் வேர்ப்பின்னலும் சோலையின் மக்குமண்ணும் சதுப்பின் கருஞ்சேறும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாசியிலும் பங்குனியிலும் கசியவிட்டன. 1932 முதல் 1938 வரை ஒவ்வொரு கோடையிலும் சிங்காராவின் சக்கரத்தைச் சுழற்றியது இந்தக் கசிவுதான். பொறியாளர்கள் நீரை அளந்தார்கள். அதைக் கொடுத்த சேற்றை அளக்கவில்லை. பள்ளத்தின் அடிப்பகுதியை ஏரி மூடியதைவிட, இந்தக் கண்மறைப்பே பின்னர் பெரிய விலை கேட்டது.

அணைக்குச் சாலை வந்தது. சாலை வழியே மரம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து உதகைக்கு வந்திருந்த கற்பூர மரமும் சீகை மரமும், அதாவது யூக்கலிப்டசும் வாட்டிலும், 1950களிலும் 1960களிலும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுத் தொழிலுக்கான மரக்கூழுக்காகவும் புல்வெளிகளின் மேல் ஏக்கர் ஏக்கராக நடப்பட்டன. சீகை, நட்ட இடத்தோடு நிற்கும் மரமன்று. அதன் விதை நீண்ட காலம் மண்ணில் உயிரோடு கிடந்து, தீப்பட்டால் முளைத்து, புல்லை மூடிக்கொண்டு பரவும். பனியூழியின் வறட்சியையும் பின்வந்த பெருமழையையும் தாங்கி நின்ற புல்வெளி, ஒரு தலைமுறைக் காலத்தில் நிழலுக்குள் போனது.

வரையாட்டுக்கு இது வாழ்வின் கேள்வியாயிற்று. திறந்த புல்லில் மேய்ந்து, ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைக்குத் தாவும் இவ்விலங்கு மரக்கூட்டத்துக்குள் புகாது. வேட்டையைக் கட்டுப்படுத்த 1879இலேயே நீலகிரிக்கென்று தனிச்சட்டம் இருந்தது; அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் வேட்டைக்காரர்களே என்பது வேறு கதை. இந்த ஆட்டைச் சுடும் பொருளாகப் பாராமல் எண்ணும் பொருளாகப் பார்த்து, 1960களிலும் 1970களிலும் மலைமலையாகச் சென்று கணக்கெடுத்தவர் ஈ. ஆர். சி. டேவிதார்.

1982இல் முக்கூர்த்தி வனவிலங்குச் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியமாக ஏற்றபோது அந்தப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. இன்று பூங்காவுக்குள்ளும் அதன் ஓரத்திலும் சீகை மரத்தை வேரோடு களைந்து புல்லை மீட்கும் வேலை நடக்கிறது; ஒரு காலத்தில் கூலி கொடுத்து நட்ட மரத்தைக் கூலி கொடுத்துப் பிடுங்குகிறது அதே வனத்துறை.

* * *

கொடுமுடியின் கணக்கு

காவிரிக்கரை ஊரான கொடுமுடியின் பெயருக்கே மலையுச்சி என்பது பொருள். ஆதிசேடனும் வாயுவும் பலம் பார்த்தபோது மேருவிலிருந்து முறிந்து விழுந்த முடி இங்கே மகுடேசுவரராக நிற்கிறது என்று தலபுராணம் கூறும். புராணத்தின் மலை எதுவாயினும், இவ்வூருக்கு நீராக வந்துசேரும் மலைகளுள் ஒன்று முக்கூர்த்தி.

சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர், மாயாற்றோடு சேர்ந்து, மசினகுடிக்குக் கிழக்கே ஆழ்ந்த பிளவுக்குள் இறங்கி, தெங்குமரகடாவைக் கடந்து பவானியில் கலக்கிறது. 1952இல் மாயாற்றின் மின்நிலையம் வந்தபின் இதே நீர் இரண்டாம் முறையும் வேலை செய்யத் தொடங்கியது. பவானி, கொடிவேரி அணைக்கட்டைத் தாண்டி, கூடுதுறையில் காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன், காலிங்கராயன் அணையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய அந்த வாய்க்கால் வளைந்து வளைந்து வந்து முடியும் கடைமடை கொடுமுடிப் பகுதிதான். ஆவுடையார்பாறை அருகே அது நொய்யலைத் தொடுகிறது.

ஆகவே 1938இல் முக்கூர்த்தியின் மதகு மூடியபோது, அதன் எதிரொலி மலையோடு நிற்க வழியில்லை. ஆடி வெள்ளத்தில் ஒரு சிறு பங்கு மேலே தங்கியது. கோடையில் ஆலைகளுக்காகத் திறந்த நீர், யாரும் கேளாமலே, பவானியில் இறங்கிவந்தது. அளவில் சிறியதாயினும் அதன் பொருள் புதியது: பவானி ஆற்றுக்கு வரும் நீரின் நாளையும் நேரத்தையும் மாற்ற மனிதரால் முடியும் என்பது முதன்முறை மெய்ப்பட்டது.

மெய்ப்பட்டதை விட்டுவைப்பார்களா? காவிரி நீரைப் பற்றிச் சென்னையும் மைசூரும் 1924இல் செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே பவானி, அமராவதி, நொய்யல் ஆகிய துணையாறுகளில் சென்னை அரசு புதிய தேக்கங்கள் கட்டக்கூடும் என்னும் எண்ணம் இடம்பெற்றிருந்தது. மாயாறு பவானியோடு கூடும் இடத்தின் அருகே, முக்கூர்த்தியைப்போல் பதினெட்டு மடங்கு, 32.8 டி.எம்.சி. நீரைத் தேக்கும் மண்ணணை ஒன்றின் வேலை 1948இல் தொடங்கியது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, கவலை ஏற்றம் தவிர வேறு பாசனம் அறியாத 2,07,000 ஏக்கரைத் தொட வேண்டும் என்பது திட்டம்.

நீர் பழையது, வாய்க்கால் புதிது. கொடிவேரியிலும் காலிங்கராயனிலும் நூற்றாண்டுகளாகப் பாய்ச்சிவந்த பழைய ஆயக்கட்டு ஒருபுறம், தலைமுறை தலைமுறையாகக் கிணற்றடியில் எருது ஓட்டிய புதிய ஆயக்கட்டு மறுபுறம். வறண்ட ஆண்டு ஒன்றில் அணையில் இருப்பது பாதிக்கும் குறைவென்றால், முதல் மதகு யாருக்காகத் திறக்கும்?

(தொடரும்)